பத்தொன்பதாம் பக்கத்துத் தலைகீழ் நான்கு

பழைய கிராமபோன் சேர்ப்பவர்களின் சங்கத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. வைத்தவர்கள் கேலிக்குத்தான் வைத்தார்கள். அவரோ அதைப் பட்டம் மாதிரி சுமந்து திரிந்தார். முப்பத்தெட்டு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்திய மனிதர். பாடப்புத்தகம், ரயில் நேர அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே அந்தப் பொடி எழுத்துத் தாள், எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை. ஹோட்டலுக்குப் போனால் விலைப்பட்டியலில் விட்டுப்போன ஒற்றெழுத்தைக் கண்டுபிடித்த பிறகுதான் அவருக்குப் பசியே எடுக்கும். "சாப்பாடு ஆறுது, அந்த அட்டையைக் கீழ வையுங்க" என்று மனைவி பல்லைக் கடிப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண்ணுக்குத் தீனி போட்டது பழைய கிராமபோன். பாட்டுக் கேட்கத்தான் முதல் மிஷினை வாங்கினார். ஒரு நாள் துடைக்கும்போது பார்த்தால், மூடிக்கு உள்பக்கம் கம்பெனிச் சின்னம் தலைகீழாக ஒட்டியிருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு தொழிற்சாலையில் ஏதோ ஒரு ஆள் தூக்கக் கலக்கத்தில் ஒட்டியது. அவ்வளவுதான், மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. குறையில்லாத மிஷின் ஊரெல்லாம் கிடைக்கும். தொழிற்சாலையிலேயே தப்பாகப் பிறந்தது லட்சத்தில் ஒன்று. பத்து வருஷத்தில் அப்படிப் பதினொன்று சேர்த்துவிட்டார். எழுத்து இரண்டு முறை பதிந்த தகடு, இடது கைக்காரனுக்குச் செய்த மாதிரி தப்பான பக்கம் சாவித்துளை போட்ட பெட்டி, ஒரு பல் குறைவாக வெட்டிய சக்கரம். முன்னறையில் அவற்றை வரிசையாக வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். பாட்டுப் போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். கேட்டால், "தேய்ஞ்சிடும்" என்பார்.

இந்த ஞானத்தையெல்லாம் திரட்டி முப்பத்திரண்டு பக்கத்தில் ஒரு சிறு புத்தகம் போட்டார். இன்ன வருஷத்து மிஷினில் இன்ன பிழை வரும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று படத்தோடு எழுதியிருந்தார். சங்கத்துக்காரர்கள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அறுபது பிரதி முதல் கூட்டத்திலேயே போய்விட்டது.

ஆறு நாள் கழித்து, சும்மா ரசித்துப் படிக்கலாமே என்று எடுத்தவர் பத்தொன்பதாம் பக்கத்தைத் தாண்டவில்லை. நாற்பத்தேழில் தொடங்கும் எண் கொண்ட மிஷின்களைப் பற்றிய பக்கம் அது. அந்த வரிசை செய்யப்பட்ட வாரத்தில் ஏழு என்ற எண் அச்சைத் தொழிற்சாலையில் தலைகீழாகப் பிடித்து அடித்துவிட்டார்கள். அப்படி மூன்று மிஷின்களை அவரே தொட்டுப் பார்த்திருக்கிறார். புத்தகத்திலோ "நான்கு தலைகீழாக இருக்கும்" என்று அச்சாகியிருந்தது. மூன்று தடவை அவரே திருத்திய பக்கம். ஊரார் எழுத்தில் ஒற்றெழுத்தைத் தேடியவர் தன் எழுத்தில் எண்ணையே கோட்டைவிட்டிருந்தார்.

மீதிப் பிரதிகளில் அந்தத் தாளைக் கிழித்து, சரியாக அச்சடித்துச் சேர்த்தார். கொடுத்த அறுபதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. மனைவியிடம்கூட.

இப்படி ஒரு வருஷம் ஓடியிருக்கும்.

சங்கம் மாதத்தில் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு தட்டச்சுப் பள்ளியின் மாடியில் கூடும். அன்று பல் டாக்டர் ஒரு மிஷினைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைத் தூக்கி வருவதுபோலத் தூக்கிக்கொண்டு வந்தார். சங்கத்தில் பசையுள்ள ஆள் அவர்தான். போர்வையை விலக்கியதும் சுற்றி நின்ற பதினைந்து பேரும் கழுத்தை நீட்டினார்கள்.

"அண்ணே, நீங்க முன்னாடி வாங்க. உங்க பத்தொன்பதாம் பக்கம் நேர்ல வந்திருக்கு" என்றார் டாக்டர்.

பித்தளைத் தகட்டில் நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம். ஏழு ஒழுங்காக நின்றது. நான்கு தலைகீழாகத் தொங்கியது.

பூதக்கண்ணாடி குனிந்து எண்ணை இரண்டு தடவை படித்தார். அப்படி ஒரு மிஷின் உலகத்தில் கிடையாது. அந்தப் பிழை எந்தத் தொழிற்சாலையிலும் நடக்கவில்லை. அவருடைய புத்தகத்தில் மட்டும்தான் நடந்தது. யாரோ புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறான்.

"என்ன வாசனை பாருங்க" என்று டாக்டர் தகட்டருகே மூக்கை வைத்து இழுத்தார். "நூறு வருஷத்து வாசனை." பக்கத்தில் நின்ற வக்கீலும் குனிந்து முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடினார்.

என்ன செய்வது என்று தெரியாத நேரத்தில் கை பழக்கத்துக்கு ஓடும். அச்சகத்தில் தாள் திருப்பிய பழக்கம். பூதக்கண்ணாடி ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுத் தகட்டைத் தேய்த்தார். மறுபடி நாக்கில் தொட்டார். மறுபடி தேய்த்தார். உப்புக் கரித்தது. பச்சைக் களிம்பு லேசாக விரலில் ஒட்டியது.

"என்ன சொல்றீங்க?" என்றார் டாக்டர்.

'இது பொய்' என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்போ புத்தகத்துல?' என்பதுதான். பதினைந்து பேர் பையிலும் அந்தப் புத்தகம் இருந்தது. செயலாளர் ஏற்கெனவே சங்கத்தின் பெயர் அச்சிட்ட தாளை மேஜையில் போட்டு, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். "நாலு வரி எழுதிக் கொடுத்துடுங்க. உங்க கையெழுத்து இருந்தா டாக்டருக்கு ஒரு திருப்தி."

எழுதிக் கொடுத்தார். 'நேரில் பரிசோதித்தேன். உண்மையான தொழிற்சாலைப் பிழை.' கையெழுத்துப் போட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள். மாடிப்படி இறங்கும்போது அவருக்குத் தன் கையே யாருடையதோ போல இருந்தது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக டாக்டருக்கு மிஷினை விற்ற பழைய சாமான் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒரு சுவர்க்கடிகாரத்தின் முள்ளை நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

"அந்த நாப்பத்தேழு மிஷின் உங்களுக்கு யார் கொடுத்தது?"

கடைக்காரர் சிரித்தார். "என்ன சார், தெரியாத மாதிரி கேக்குறீங்க? உங்க மச்சினன்தான். இந்த வருஷத்துல அஞ்சாவது மிஷின் இது."

"எனக்குத் தெரியாது."

"சரி சரி, தெரியாது" என்று கண்ணடித்தார் கடைக்காரர். "நீங்க சொல்லிக் கொடுக்காம அந்தத் தம்பிக்கு இவ்வளவு நுணுக்கம் எப்படி வரும்? நான் வெளிய சொல்லமாட்டேன் சார். நம்ம ரெண்டு பேருக்கும் இதுல..."

மீதியைக் கேட்க அவர் நிற்கவில்லை. தெருவில் நடக்கும்போது, அந்தக் கண்ணடிப்பு சட்டையில் ஒட்டிய சளிபோல அவர்மேல் ஒட்டிக்கொண்டே வந்தது.

மச்சினன் அவர் மனைவியின் ஒரே தம்பி. பித்தளைப் பெயர்ப்பலகையும் ரப்பர் முத்திரையும் செய்கிற கடை வைத்திருந்தான். கை தேர்ந்த வேலைக்காரன். ஆனால் எந்த வேலையிலும் முழுசாக நிற்கமாட்டான். வீட்டுக்கு வந்தால் அத்தான், அத்தான் என்று காலைச் சுற்றுவான். முன்னறை மிஷின்களை மணிக்கணக்காகப் பார்ப்பான். 'பிள்ளைக்கு எவ்வளவு ஆர்வம்' என்று அவர் பூரித்ததுண்டு.

கடையில் ஆள் இல்லை. பின்கட்டிலிருந்து அரம் தேய்க்கும் சத்தம் வந்தது. திரையை விலக்கியதும் ஒரு நாற்றம் முகத்தில் அறைந்தது. நாள்பட்ட பொதுக் கழிப்பறையில் யாரோ பித்தளைக் காசைப் போட்டு வேகவைத்த மாதிரி.

"வாங்க அத்தான்! சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க!" மச்சினன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். முகத்தில் கடுகளவு பயமில்லை.

சுற்றிலும் கிராமபோன்கள் வயிறு திறந்து கிடந்தன. ஸ்பிரிங் உருவிய பெட்டி, ஊதுகுழலில்லாத உடம்பு, உடம்பில்லாத ஊதுகுழல். மேஜையில் எண் அச்சுகள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு நடுவில், பக்கம் பிரிந்து எண்ணெய்க் கறை படிந்த அவருடைய புத்தகம். வரிக்கு வரி பென்சிலால் கோடு போட்டிருந்தது.

"இதுதான் அத்தான் எனக்குப் பாடப்புத்தகம்" என்றான். "என்னமா எழுதியிருக்கீங்க! எந்த எண்ணை எவ்வளவு ஆழம் அடிக்கணும்னுகூட இருக்கு."

"கண்டுபிடிக்கிறதுக்கு எழுதினேன்டா. செய்யுறதுக்கா?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

மூலையில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று இருந்தது. உள்ளே மஞ்சள் திரவம். அதற்கு மேலே நூலில் கட்டிய பித்தளைத் தகடு ஒன்று தொங்கியது.

"அது என்ன?"

"புதுசா அடிச்ச எழுத்து பளபளன்னு காட்டிக் கொடுத்துடும் இல்ல? அந்த ஆவி பட்டா நாலு நாள்ல நூறு வயசு ஆயிடும். கடையில மருந்து விக்கிறான். ஆனா இது சுத்தமா வரும், செலவும் இல்ல." மச்சினன் கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தான். "நம்ம சொந்தத் தயாரிப்புதான். காலையில முதல்ல போறதுதான் நல்லா வேலை செய்யும்."

பூதக்கண்ணாடிக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு நாக்கின் நுனியில் அந்த உப்பு திரும்பி வந்தது. பின்வாசல் குழாயடிக்கு ஓடினார். காலையில் சாப்பிட்டதெல்லாம் வந்தது. வாயைக் கொப்பளித்தார், விரலால் நாக்கைச் சுரண்டினார், அந்த விரலும் அதே விரல்தான் என்று நினைவு வந்ததும் மறுபடி குமட்டியது. மச்சினன் முதுகைத் தடவிவிட வந்தான்.

"தொடாதே!"

"கழுவித்தான் அத்தான் விக்கிறேன்" என்றான் அவன் மனத்தாங்கலோடு. "ஒரு தடவை."

வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தவர் கண்ணில் அப்போதுதான் ஜன்னலோரம் இருந்த அந்தச் சிவப்பு மரப்பெட்டி பட்டது. ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவருடைய மிஷின் அது. இரண்டு தெரு தள்ளி இருந்தார். மகன் வீட்டோடு போவதற்காக விற்க வேண்டியிருந்தது. ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தது பூதக்கண்ணாடிதான். ஒரு பாட்டுப் போட்டுக் காட்டினார் அந்த அம்மாள். பாடகி அடுத்த அறையில் உட்கார்ந்து பாடுவதுபோல அப்படி ஒரு தெளிவு. "நீங்களே வாங்கிக்கங்க, நல்லா வச்சுக்குவீங்க" என்றார். இவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு குறையும் இல்லையேம்மா" என்று உதட்டைப் பிதுக்கினார். பிறகு மச்சினனிடம் சொல்லிவிட்டார், யாராவது கேட்டால் சொல் என்று.

"இதை என்ன செஞ்சே?"

"உங்க இருபத்தாறாம் பக்கம். ஒரு பல் குறைஞ்ச சக்கரம்." மச்சினன் ஆசையாகச் சாவி கொடுத்து, இசைத்தட்டை வைத்து, ஊசியை இறக்கினான்.

ஒரு குரல் எழும்பியது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை இடறி, தொண்டையில் தண்ணீர் புகுந்தவள்போல விக்கி, மறுபடி எழும்பி, மறுபடி விக்கியது. மேஜை மேல் அரத்தூள் இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"நிறுத்துடா."

"யார் அத்தான் பாட்டுக் கேக்குறா? நல்லா இருக்குற மிஷினை நீங்களே வேண்டாம்னுட்டீங்க."

அதுதான் அவரைச் சுட்டது. அவனை அடிக்கக் கையோங்கியவருக்கு, அடி எங்கே விழவேண்டும் என்று தெரியவில்லை. சிவப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். மச்சினன் பின்னாலேயே வந்தான். "அக்காகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க. ஏற்கெனவே அந்தப் பால் பாத்திர விஷயம் தெரிஞ்சா..."

"எந்தப் பால் பாத்திரம்?"

"ஜாடி வாங்குறதுக்கு முன்னாடி, மூடி போட்டதா ஒரு பாத்திரம் கேட்டு வாங்கிட்டுப் போனேன் இல்ல? நல்லா தேய்ச்சுக் கழுவித்தான் திருப்பிக் கொடுத்தேன் அத்தான். சோப்புப் போட்டு."

வீட்டுக்கு வந்தபோது மனைவி அந்தப் பாத்திரத்தில்தான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அவர் அடுப்பை அணைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்: பத்தொன்பதாம் பக்கம், கையெழுத்து, கடைக்காரரின் கண்ணடிப்பு, சிவப்புப் பெட்டி. அவள் முதலில் தம்பிக்குத்தான் பரிந்தாள். "அவன் வாயில்லாப் பூச்சிங்க. யாரோ கெடுத்திருப்பாங்க. ஊர் முன்னால அவனைக் காட்டிக் கொடுக்கப் போறீங்களா? பழைய இரும்புச் சாமானுக்காகவா?"

பிறகு அவர் ஜாடியைப் பற்றிச் சொன்னார். பிறகு பாத்திரத்தைப் பற்றிச் சொன்னார்.

எட்டு மாதமாக அந்தப் பாத்திரத்தில்தான் பால். மனைவி இடுக்கியால் அதைப் பிடித்து, பாலோடு கொண்டுபோய், தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்து கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"எங்க வேணும்னாலும் போய்ச் சொல்லுங்க" என்றாள். "மைக் வச்சுச் சொல்லுங்க."

அடுத்த கூட்டத்தில் சொன்னார். எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, ஒன்று விடாமல் சொன்னார். "பத்தொன்பதாம் பக்கத்துல இருக்குறது அச்சுப் பிழை. நான் விட்ட பிழை. டாக்டரோட மிஷின் அந்தப் பிழையைப் பாத்துச் செஞ்ச போலி. செஞ்சது என் மச்சினன். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டது நான். எல்லாரும் மன்னிக்கணும்." தகட்டுக்கு வயது ஏற்றியது எப்படி என்பதையும் சொன்னார். அதைச் சொல்லும்போது டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். வக்கீல் கைக்குட்டையைத் தேடினார்.

கத்துவார்கள், சங்கத்தைவிட்டு நீக்குவார்கள் என்று எதிர்பார்த்து நின்றார். முதலில் டாக்டர் முகம் சிவக்கத்தான் செய்தது. ஆனால் வக்கீல் மெதுவாகப் பையிலிருந்து தன் புத்தகத்தை எடுத்துப் பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்த்தார்.

"அப்போ இந்தப் பக்கம் அறுபது பிரதியிலதான் இப்படி இருக்கு?"

"ஆமா."

"மத்ததெல்லாம் திருத்திட்டீங்க?"

"ஆமா. ஏன்?"

வக்கீல் பதில் சொல்லாமல், புத்தகத்தை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடினார். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் கையும் பைக்குள் போனது. ஒருவர் பக்கத்தை மடித்து வைத்ததற்காகத் தலையில் அடித்துக்கொண்டார். இன்னொருவர், "ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்களேன், பத்தொன்பதாம் பக்கத்துலேயே" என்று பேனாவை நீட்டினார்.

"என்னய்யா சொல்றேன், என்ன செய்றீங்க?" என்றார் பூதக்கண்ணாடி.

"யோசிச்சுப் பாத்தா," என்றார் பல் டாக்டர், கோபம் வடிந்து குரலில் ஒரு பெருமை ஏறியிருந்தது, "புத்தகத்துப் பிழையில பிறந்த மிஷின் உலகத்துலேயே என்கிட்ட மட்டும்தான் இருக்கு. இதை நான் கைமாத்துறதா இல்ல."

"டாக்டர், அதுல அவன் மூத்திரம் இருக்கு."

"அதெல்லாம் துடைச்சுக்கலாம் அண்ணே."

"என் கடிதத்தையாவது திருப்பிக் கொடுங்க."

"இப்பதானே அதுக்கு மதிப்பே வந்திருக்கு!" டாக்டர் கடிதம் இருந்த உறையை மார்போடு அணைத்துக்கொண்டார். பூதக்கண்ணாடி எட்டிப் பிடுங்கினார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர் கையிலிருந்து ஒன்றைப் பிடுங்கினார். நாலாகக் கிழித்துத் தரையில் போட்டார். செயலாளர் முழங்காலிட்டு, ஒரு துண்டும் விடாமல் பொறுக்கி, ஊதி, ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் கொடுத்தார். கதவருகே யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார்: "உங்க மச்சினன் நம்பர் கிடைக்குமா?"

படி இறங்கும்போது அவருக்கு வாந்தி வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

முன்னறையில் இருந்த பதினொன்றையும் ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டார், பிரித்துப் பழகுவதற்கு. அங்கே மேஜையருகே நின்ற ஆசிரியர், "இதுல என்ன விசேஷம்?" என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல, ஸ்பிரிங் நல்ல எஃகு" என்றார். சிவப்புப் பெட்டிக்கு மட்டும், ஒரு லேத் பட்டறைக்காரரிடம் மூன்று தடவை அலைந்து புதுச் சக்கரம் வெட்டி வாங்கினார். முதல் இரண்டும் ஒத்துவரவில்லை. மூன்றாவதில் பாடகி விக்காமல் பாடினாள். பழைய தெளிவு இல்லை. அடியில் ஓர் உரசல் கேட்டது.

அதை எடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, நர்ஸம்மாவைத் தேடிப் போனார். மகன் வீட்டில், துணி காயப்போடும் பால்கனியை அடைத்து அந்த அம்மாளுக்கு அறையாக்கியிருந்தார்கள். பூதக்கண்ணாடி விஷயத்தைச் சொல்லிப் பெட்டியை நீட்டினார். நர்ஸம்மா அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல மனசு உங்களுக்கு. ஆனா எங்க வைக்கிறது? காலை நீட்டுனா கதவு திறக்கமாட்டேங்குது."

"ஒரு பாட்டாவது கேளுங்கம்மா."

மடியில் வைத்துக் கேட்டார். பாதியில், "சக்கரத்தை மாத்தினீங்களா?" என்றார்.

"ஆமா. தெரியுதா?"

"தெரியாம எப்படி? நாப்பது வருஷம் கேட்டிருக்கேன்." முழுப் பாட்டையும் கேட்டு முடித்துவிட்டு, "எடுத்துட்டுப் போங்க. சும்மா வைக்காதீங்க, தினம் போடுங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் பெட்டி மடியில் கனத்தது. பாதி வழியில் கைபேசி அடித்தது. பழைய சாமான் கடைக்காரர்.

"சார், உங்க புத்தகத்தோட பழைய பிரதி ஒண்ணு வந்திருக்கு. அந்த அறுபதுல ஒண்ணு. தாளெல்லாம் பழுத்து, அருமையா இருக்கு. உண்மையானதுதான்னு நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா..."

"யார் கொண்டு வந்தது?"

கடைக்காரர் இழுத்தார். "நம்ம தம்பிதான்..."

"சீ!" என்றார் பூதக்கண்ணாடி. பஸ்ஸில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படிச் சத்தமாகவே சொன்னார். கைபேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். பக்கத்து இருக்கைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். அந்த இடத்தில் அவர் பெட்டியை இறக்கி வைத்தார்.